வேலை கிடைச்சிருச்சா தம்பி?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தால் பத்து நிமிடம்தான். பட்டம் வாங்கி வந்த பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் நான் அந்தப் பத்து நிமிடத்தை இருபத்தைந்து நிமிடமாக்கிக்கொண்டேன். கடை வரிசைக்கு முன்னால் போனால் முடிவெட்டும் அண்ணன் இருப்பார், மளிகைக் கடை அக்கா இருப்பார், ரொட்டி சானாய் கடையில் அப்பாவோடு தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டிய நாலு பேர் தே தாரே டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எல்லாருக்கும் என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அதனால் பின்பக்கச் சந்து. சாக்கடை, மீன் பெட்டிகள், பூனைகள். பூனைகள் எதுவும் கேட்கவில்லை.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. எங்கள் மாதிரி தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்த குடும்பங்களில் ஒரு பிள்ளை யுனிவர்சிட்டிக்குப் போவது அந்த வீட்டு விஷயம் மட்டும் இல்லை, தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி வாத்தியார் எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும். பங்கு இருப்பவர் கணக்கு கேட்பார். அவ்வளவுதான் விஷயம். இது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

நான் படித்தது சிந்தோக்கில், உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில், பொருளாதாரம். கெடாவின் வடக்குக் கோடி, சங்லூனுக்குப் பக்கத்தில், காட்டுக்கு நடுவில் வளாகம். அங்கே விடுதிகளுக்கு இனாசிஸ் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனியின் பெயர் வைத்திருப்பார்கள். வங்கி, கார் கம்பெனி, மின்சார வாரியம் என்று. மூன்று வருஷம் பெரிய பெரிய கம்பெனிகளின் பெயர்களுக்குள் தூங்கி எழுந்ததாலோ என்னவோ, வெளியே வந்தால் அதில் ஒன்று நம்மைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

பட்டமளிப்பு 2018 கடைசியில். வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம், அழைப்பு அட்டை இரண்டு பேருக்குத்தான், மற்ற ஆறு பேரும் மண்டபத்துக்கு வெளியே கூடாரத்தில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டார்கள். பாட்டிக்கு என் ஜூபாவை, பட்டமளிப்பு அங்கியை, தொட்டுப் பார்த்ததிலேயே திருப்தி. "இது நமக்கே குடுத்துருவாங்களா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். "அப்ப எதுக்குடா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார்.

மறுநாளே அப்பா சான்றிதழை எடுத்துக்கொண்டு பட்டணத்து போட்டோக் கடைக்குப் போய் லெமினேட் போடச் சொல்லியிருக்கிறார். கடைக்காரச் சீன அங்கள் முடியாது என்று சொல்லிவிட்டார். "ஜாங்ஙான், ஜாங்ஙான், நாந்தி ரோசாக்." வேண்டாம், வேண்டாம், அப்புறம் கெட்டுப்போகும் என்று மலாயில். பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டால் பிற்பாடு எங்கேயாவது மூலச் சான்றிதழில் முத்திரை வைக்கச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது, பிரிக்கப் பார்த்தால் மையோடு கிழியும். நகல் ஒன்றை எடுத்து அதை பிரேம் போட்டுக் கொடுத்தார், மூலத்தை பைலில் வைக்கச் சொன்னார். பட்டம் வாங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான ஆலோசனை அதுதான், அதுவும் அப்பா மூலமாக.

நான் செய்த பெரிய தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கடைசித் தேர்வு முடிந்து முடிவும் வந்தது வருஷ நடுவில். பட்டமளிப்பு வருஷக் கடைசியில். இடையில் இருந்த மாதங்களை நான் விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன். சான்றிதழ் கைக்கு வரவில்லையே, எதை வைத்து விண்ணப்பம் போடுவது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மை என்னவென்றால் படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் தரும், அதையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்தே விண்ணப்பம் போடலாம், நிறைய முதலாளிகள் அதை ஏற்றுக்கொள்வார்கள். என்னோடு படித்த ஒருத்தி ஆகஸ்டிலேயே பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்து, பட்டமளிப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் அவளோடு படம் எடுத்துக்கொண்டு "அதிர்ஷ்டம்தான்" என்றேன்.

இன்னொரு சின்ன விஷயம். சில விண்ணப்பங்களுக்கு, முக்கியமாக அரசாங்கப் பக்கம், உறுதிப்படுத்திய நகல் கேட்பார்கள். அதற்கு வேறெங்கும் அலைய வேண்டாம், நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரே முத்திரை போட்டுத் தரலாம். பத்துப் பன்னிரண்டு செட் ஒரே நாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவும் "எங்கப்பா வேலை?" என்று கேட்பார்தான், ஆனால் அந்த மேசையில் முத்திரை விழும் சத்தத்தில் பதில் சொல்வது கொஞ்சம் சுலபம். அப்படியே பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பதிவு செய்து வையுங்கள். அது ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். நான் பதிவு செய்துவிட்டு மறந்து, அழைப்பு வரவில்லையே என்று இரண்டாவது வருஷம் பாதிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் கணினி, நாளைக்கு ஏழெட்டு விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் ஒரே ரெசுமே. மத்தியானம் தூக்கம். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், கேட்காமல் இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது. அம்மா பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நான் நாற்காலியில் இல்லாமல் பார்த்துக்கொள்வேன், அது ஒரு வேலை.

ஒருநாள் மழை. சந்தில் சாக்கடை நிரம்பி வழிந்தது, வேறு வழியில்லாமல் முன்பக்கம் போனேன். மளிகைக் கடை அக்கா பிடித்துக்கொண்டார். "வேலை கிடைச்சிருச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

"இல்லன்னு சொல்லவா மூணு மாசமா அந்தப் பக்கம் சுத்திக்கிட்டுப் போனே?" தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஊரில் யாருக்குத் தெரியவில்லை? அப்புறம் வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே, "ஆயில் பாம் மில்லுல திம்பாங்ல இருந்த பொண்ணு பிரசவத்துக்குப் போகுதாம், ஆள் கேட்டுக்கிட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் தெரியணுமாம். நீதான் ஒண்ணும் சொல்லலையே, எப்படிச் சொல்றது உங்கிட்ட?" என்றார்.

திம்பாங் என்றால் எடைமேடை, லாரிகளை எடை போடும் இடம். எனக்கு முதலில் வந்தது கோபம். டிகிரி படித்துவிட்டு, அப்பா எந்தக் குலையை வெட்டி முதுகு ஒடிந்தாரோ அதே குலைக்கு எடைச் சீட்டு எழுதுவதா? இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் போன் போட்டேன், காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, கையில் 40 வெள்ளி, அதாவது 40 ரிங்கிட்தான் இருந்தது. 2019 பிப்ரவரியில் சேர்ந்தேன், குறைந்தபட்சச் சம்பளம், அந்த ஜனவரியில்தான் அது 1,100 வெள்ளியாக ஏறியிருந்தது. ஜூன் வரை ஐந்து மாதம்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது மேடையில் ஏறும், மொத்த எடை. உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் வண்டியாக மறுபடி ஏறும், வண்டி எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் குலையின் எடை, அதற்குத்தான் காசு. ஒரு நாளைக்கு அறுபது எழுபது லாரி. கேட்க எளிதாக இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு லாரியைக் கவனித்தேன், உள்ளே வரும்போது டிரைவர் பக்கத்தில் கெலிண்டான், லாரி உதவியாள், உட்கார்ந்திருப்பான், வெளியே போகும்போது சீட் காலி. அவன் ஆலை வாசலுக்கு நடந்து போய் அங்கே ஏறிக்கொள்வான். அதாவது அவன் எடையும் குலையோடு சேர்ந்து விற்பனையாகிறது! ஒரு 65 கிலோ ஆள், டன் 400 வெள்ளி என்று வைத்தாலே ஒரு நடைக்கு 26 வெள்ளி, நாளைக்கு நாலு நடை என்றால் 104. நான் சொன்னதும் சூப்பர்வைசர் சிரித்தார், இது பழைய வித்தை, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து உள்ளே திறந்து விடுகிறவர்களும் உண்டு என்றார். சரி, பழைய வித்தை என்றால் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தேன், வரும்போது எத்தனை பேர், போகும்போது எத்தனை பேர் என்று எழுத. அவ்வளவுதான் நான் செய்தது. அந்தத் தாளை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும், தள்ளிப் போனால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். நூறு கிலோ குலைக்கு இருபது கிலோ எண்ணெய் வந்தால் நல்லது. இதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முப்பது வருஷம் குலை வெட்டியவர், உதிரிப் பழம் ஒன்று விடாமல் பொறுக்கச் சொல்லி மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏன் கத்துவார் என்று அவருக்குத் தெரியும், ஆனால் லாரி போன பிறகு அது என்ன ஆகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். மூன்று மாதத்தில் முதல் தடவை.

ரெசுமே விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய ரெசுமேயில் கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், தலைமைப் பண்பு உள்ளவர் என்றெல்லாம் இருந்தது. எல்லாருடையதிலும் இருக்கும். மே மாதம் அதையெல்லாம் அழித்துவிட்டு, நாளொன்றுக்கு இத்தனை லாரி எடைப் பதிவு, வருகை நேர ஆள் எண்ணிக்கைப் படிவம் அறிமுகம், அதனால் ஒரு மாதத்தில் எத்தனை கிலோ வித்தியாசம் பிடிபட்டது என்று எண்களாகப் போட்டேன். அதற்கு முன் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போட்டு இரண்டு நேர்முகம்தான் வந்தது, இதற்குப் பிறகு பதினைந்து விண்ணப்பத்தில் நான்கு. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஷா ஆலாமில் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனி நேர்முகத்தில் அந்த அம்மையார் என் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, கெலிண்டான் கதையைத்தான் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அவர்களுக்கும் லாரி இருக்கிறது, அவர்களுக்கும் காணாமல் போகும் கிலோக்கள் இருக்கின்றன. சின்ன வேலை என்று ஒதுங்குகிறவர்களுக்கு நான் அறிவுரை சொல்லப் போவதில்லை, நானே ஒதுங்கியவன்தான். வேலை பார்த்துக்கொண்டே வேலை தேடினால் நேர்முகத்தில் பேச ஏதாவது இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த வேலை கிடைத்தது, சம்பளம் 2,200. வீட்டில் கோழி அடித்தார்கள். நானும் 2,200 கைக்கு வரும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 242, அப்புறம் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலைக் காப்புறுதி என்று சில்லறையாகக் கொஞ்சம், கையில் வந்தது 1,940 சொச்சம். அதற்கு முன்பே அறைக்கு முன்பணம். பாடாங் ஜாவாவில் கொமுட்டர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 350 வெள்ளிக்கு ஓர் அறை, இரண்டு மாத முன்பணம், அந்த மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். கூட்டிப் பாருங்கள், உள்ளே போய்ப் படுப்பதற்கு முன்னாலேயே 1,225 வெள்ளி. முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான். எடைமேடை வேலையில் மிச்சம் பிடித்த காசு இல்லாவிட்டால் அந்த வேலையில் என்னால் சேர்ந்திருக்கவே முடியாது. வெளியூருக்குப் போகிறவர்கள் குறைந்தது இரண்டாயிரம் வெள்ளியாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள், இல்லை என்றால் முதல் மாதம் தங்க ஒரு சொந்தக்காரர் வீட்டைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சித்தி வீட்டு ஹாலில் படுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வாங்குங்கள், அறையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டைக்கு எனக்கு 80 வெள்ளி போனது.

அந்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான்கு மாதம் சம்பளச் சீட்டில் சேமநிதிக்கு 242 ஒழுங்காகப் பிடித்தார்கள். ஒரு தீபாவளி லீவில் ஊருக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன், ஈப்போவைத் தாண்டினால் சுங்கை சிப்புட், போகும் வழியில் பொழுது போகாமல் சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் திறந்தேன். எடைமேடை வேலையில் போட்ட ஐந்து மாதப் பணம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு பூஜ்யம். என்னிடம் பிடித்ததும் போகவில்லை, முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடும் போகவில்லை, மாதம் 528 வெள்ளி எங்கேயோ நிற்கிறது. ஐந்தாயிரத்துக்கு உட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13, அதை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், இதெல்லாம் நான் அந்த ரயிலில் உட்கார்ந்துதான் படித்தேன். மூன்று வருஷம் பொருளாதாரம் படித்தவன்!

கணக்குப் பிரிவில் கேட்டால் "சிஸ்டம் லேட்" என்றார்கள். ஒரு மாதம் பொறுத்தேன், புதுசாகச் சேர்ந்தவன் சண்டை போடலாமா என்ற பயம். கூட வேலை பார்த்த ஓர் அண்ணன்தான், சம்பளச் சீட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு நேராகச் சேமநிதி அலுவலகத்துக்குப் போ, புகார் கொடுத்தது யார் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றார். போனேன். இரண்டு மாதத்துக்குள் எல்லாப் பாக்கியும் கணக்கில் ஏறியது. எனக்கு மட்டும் இல்லை, முப்பது சொச்சம் பேருக்கு. அதனால் மாதத்தில் ஒரு நாள், இருபதாம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டை ஒன்று விடாமல் படமாகவாவது சேமித்து வையுங்கள். "சேமநிதி வேண்டாம், அந்தக் காசையும் கையில் தருகிறோம்" என்று எவராவது நைசாகப் பேசினால் வேறு இடம் பாருங்கள்.

கல்விக் கடனைப் பற்றி. பிடிபிடிஎன், அதாவது அரசாங்க உயர்கல்விக் கடன், படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும், வருஷத்துக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, நான் அந்தப் பக்கமே போகவில்லை. என்னோடு படித்த பாதிப் பேர் கட்டவே இல்லை, எப்படியும் தள்ளுபடி வரும், அடுத்த பட்ஜெட்டில் கழிவு வரும் என்று காத்திருந்தார்கள். கழிவு சில சமயம் வரத்தான் செய்கிறது, மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கு. மொத்தமாகக் கட்ட யாரிடம் காசு இருக்கிறது? நான் அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா என்று. அவர் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். 1960-இல் எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம், தாத்தா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதற்குக் கட்டியிருக்கிறார். "அவருக்கு நாள் கூலிடா. மழை பெஞ்சா அதுவும் இல்ல. உனக்கு மாசம் பொறந்தா சம்பளம்." அதற்கு மேல் பேசவில்லை. நான் சம்பளத்திலிருந்தே மாதம் 100 வெள்ளி பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். கைக்கு வராத காசு வலிக்காது.

வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு கணக்கு, இதை யாரும் எழுத மாட்டார்கள். முதல் மூன்று மாதம் பெருமைக்காக 600 அனுப்பினேன், மாதக் கடைசியில் மெகி தின்றேன். நான்காவது மாதம் அம்மாவிடம் வாடகை, சாப்பாடு, கடன் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டி 300தான் முடியும் என்றேன். அழுவார் என்று நினைத்தேன். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா, நான் அந்தக் காச அப்படியே வெச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அப்புறம் 2020 மார்ச், நடமாட்டக் கட்டுப்பாடு, அந்த கம்பெனி ஆள் குறைத்தது, நான் தப்பித்தேன், இரண்டு வருஷம் கழித்து வேறு இடம் மாறினேன். அது வேறு கதை.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது பின்பக்கச் சந்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மாமா மகள், இந்த வருஷம்தான் படித்து முடித்திருக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு சாக்கடை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரி நடையைக் கூட்டினாள். நானும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, திம்பாங்கில் மறுபடி ஆள் கேட்கிறார்களாம், சூப்பர்வைசர் நம்பர் அனுப்பவா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது.

"அங்க ஏர்கான் இருக்கா அண்ணே?"

இருக்கிறது, ஆனால் ஓடாது என்று எழுதினேன்.